பலியும் பழியும்: சுழற்காற்று நேரத்தில் ஒரு தொழிற்கூடத்தை வாசித்தல்

1

நம் செய்தித்தாள்களில் ஒரு வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கிறது. இன்ன இடத்தில் சூறாவளிக்கு இத்தனை பேர் பலி. ஊர்ப்பெயரையும் எண்ணையும் மாற்றிக்கொண்டால் போதும். வெள்ளத்துக்குப் பலி, வெயிலுக்குப் பலி, இடிதாக்கிப் பலி, பட்டாசு ஆலை விபத்தில் பலி. இந்தப் 'பலி' என்ற சொல்லிடம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கோயில் வாசலில் பலி என்றால் அங்கே மூன்று பேர் உண்டு. வாங்குகிற சாமி, வெட்டுப்படுகிற கிடா, கொடுக்கிற ஆள். கிடா யார் வீட்டுது, யார் நேர்ந்துகொண்டது, என்ன வேண்டுதல் என்பதெல்லாம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செய்தித்தாள் வாக்கியத்தில் வாங்கியவர் பெயர் இருக்கிறது (காற்று), வெட்டுப்பட்டவர்களின் எண்ணிக்கை இருக்கிறது, கொடுத்த ஆளை மட்டும் காணோம். பலி 'கொடுக்க'ப்பட்டதல்ல, தானாக 'ஆனது' என்று அந்த வாக்கியம் நம்மை நம்ப வைக்கிறது. ஒரு கொலைக்குற்றத்தைக்கூட இலக்கணத்தால் இவ்வளவு சுத்தமாகத் துடைத்துவிட முடியும் என்றால், இலக்கணம் அப்பாவியானது என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஆங்கிலச் சட்ட மொழியில் இதற்கு நேரான பெயர் 'கடவுளின் செயல்'. மனிதக் கை எதுவும் படாமல், முன்கூட்டி அறிந்து தடுக்கவும் முடியாமல் வந்த அழிவுக்கு எவரும் பொறுப்பல்ல என்பது அதன் பொருள். அமெரிக்க வரலாற்றாசிரியர் டெட் ஸ்டைன்பெர்க் 2000இல் வெளியிட்ட தன் நூலுக்கு இந்தச் சொற்றொடரையே தலைப்பாக வைத்து, இயற்கைப் பேரழிவு என்ற சொல்லாடல் யாரையெல்லாம் தப்பவிடுகிறது என்று எழுதினார். இந்தக் கட்டுரையின் அக்கறையும் அதுதான். ஆனால் 'எல்லாவற்றுக்கும் முதலாளித்துவமே காரணம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் நம் வேலை அல்ல. அதுவும் ஒருவகையில் கடவுள் செயல்தான். கடவுளின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறோம்.

2

2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் நடுப்பகுதியில் பல மாநிலங்களின் மேல் டொர்னாடோக்கள் தொடர்ச்சியாக இறங்கின. இரண்டு இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, கென்டக்கி மாநிலத்தின் மேஃபீல்ட் என்ற சிற்றூர். அங்கே மேஃபீல்ட் கன்ஸ்யூமர் புராடக்ட்ஸ் என்ற மெழுகுவர்த்தித் தொழிற்சாலை. கிறிஸ்துமஸ் சீசன், ஆர்டர் குவிந்துகிடக்கிறது. இரவு ஷிப்டில் ஏறத்தாழ 110 பேர். மாலையிலேயே எச்சரிக்கை சைரன் ஒருமுறை ஊதிவிட்டது. இரவு ஒன்பதரை மணி சுமாருக்குச் சுழற்காற்று கட்டடத்தின் மேலேயே வந்தது. மணிக்கு 300 கிலோமீட்டர் அளவிலான வேகம். தரையில் அது ஓடிய தூரம் 260 கிலோமீட்டருக்கும் மேல். அந்த ஒரு சுழற்காற்றில் மட்டும் 57 பேர் இறந்தார்கள். தொழிற்சாலைக்குள் ஒன்பது பேர்.

இன்னொன்று, இல்லினாய் மாநிலத்தின் எட்வர்ட்ஸ்வில். அமேசான் நிறுவனத்தின் விநியோகக் கிடங்கு. இரவு எட்டு மணி தாண்டிய சில நிமிடங்களில் எச்சரிக்கை வந்தது. எட்டரை ஆவதற்குள் காற்று வந்துவிட்டது. சுமார் 40 அடி உயரமுள்ள கான்கிரீட் சுவர்கள் உள்பக்கம் சாய, கூரை கீழே இறங்க, ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமேசானின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள். அமேசான் பெயர் எழுதிய வேனை ஓட்டி, அமேசான் பெட்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்து, ஆனால் வேறொரு சிறு காண்ட்ராக்டரிடம் சம்பளம் வாங்கியவர்கள்.

இங்கே ஒரு மொழிப் பிரச்சினை. நாம் புயலையும் சூறாவளி என்கிறோம், டொர்னாடோவையும் சூறாவளி என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. புயல் கடலில் உருவாகி நாள்கணக்கில் நகர்ந்து வரும். கூண்டு ஏற்றலாம், ஊரைக் காலிசெய்யலாம். டொர்னாடோ இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்குகிற குறுகிய சுழல். 'இந்த வட்டாரத்தில் இன்று வரக்கூடும்' என்பதைப் பல மணி நேரம் முன்னால் சொல்லலாம். 'இதோ, உன் தெருவுக்கு வருகிறது' என்பதைச் சொல்ல நிமிடங்கள்தான் இருக்கும். ஆக இங்கே இரண்டு காலங்கள் இருக்கின்றன. மணிக்கணக்கான காலம் ஒன்று, நிமிடக் கணக்கான காலம் ஒன்று. முதலாளியின் பொறுப்பு பற்றிய விவாதம் முழுக்க இந்த இரண்டையும் குழப்பிவிடுவதில்தான் நடக்கிறது.

3

அந்த இரவிலிருந்து நமக்கு மூன்று பிரதிகள் கிடைக்கின்றன.

முதல் பிரதி, மேஃபீல்ட் தொழிலாளர்கள் செய்தியாளர்களிடம் சொன்னது. முதல் சைரனுக்குப் பிறகு வீட்டுக்குப் போகிறோம் என்று கேட்டோம், போனால் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர்கள் சொன்னார்கள் என்றார்கள். நிறுவனம் மறுத்தது. யாரும் எப்போது வேண்டுமானாலும் போகலாம், மறுநாள் வரலாம் என்பதுதான் எங்கள் நடைமுறை என்றது.

இரண்டாம் பிரதி, எட்வர்ட்ஸ்வில்லில் இறந்துபோன ஓட்டுநர் ஒருவர் தன் துணைவிக்குக் கைப்பேசியில் அனுப்பிய செய்தி. புயல் கடக்கும்வரை அமேசான் எங்களைப் போக விடாது என்ற பொருளில் இரண்டு வரி.

மூன்றாம் பிரதி, அதே இரவில் அதே வட்டாரத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கும் அவரை இயக்கிய காண்ட்ராக்டர் நிறுவன ஊழியருக்கும் இடையே போன குறுஞ்செய்திகள். ப்ளூம்பெர்க் வெளியிட்டது. சைரன் ஊதுகிறது, திரும்பி வரட்டுமா என்று அவர் கேட்கிறார். ஓட்டிக்கொண்டே இரு, அமேசான் சொல்லாமல் கூப்பிட முடியாது என்று பதில். பெட்டிகளோடு திரும்பி வந்தால் வேலையை மறுத்ததாகக் கணக்காகும், காலையில் வேலை இருக்காது என்றும் பதில். (பின்னர் அமேசான், அந்த ஊழியர் உடனே ஒதுங்கச் சொல்லியிருக்க வேண்டும் என்றது.)

இப்போது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு இடத்தில் 'உள்ளேயே இரு'. இன்னொரு இடத்தில் 'வெளியிலேயே இரு'. உத்தரவு நேரெதிர். பாதுகாப்புதான் அக்கறை என்றால் ஒரே காற்றுக்கு இரண்டு எதிர் உத்தரவுகள் எப்படி? மாறாமல் இருப்பது ஒன்றுதான்: எங்கே இருப்பது என்பதை முடிவு செய்கிற ஆள், அங்கே இருக்கப்போகிற ஆள் இல்லை.

இந்த இடத்தில் நம் தோழர்கள் பலர் அவசரப்படுவார்கள். 'போக விடாதே என்று சொன்னதே கொலை' என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். காற்று இறங்க இருபது நிமிடம் இருக்கும்போது 'வெளியே காரில் போகாதே' என்று சொல்வது சரியான யோசனை. டொர்னாடோவில் மாட்டக்கூடாத இடங்களில் ஓடும் கார் முக்கியமானது. எட்வர்ட்ஸ்வில்லில் அந்த நிமிடங்களில் யாராவது 'போகாதே' என்று சொல்லியிருந்தால் அந்தச் சொல்லை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் 'போகாதே' என்று சொல்கிறவனுக்கு அடுத்த வாக்கியமும் இருக்க வேண்டும்: 'இங்கே வா, இந்த அறை தாங்கும்.' அந்த இரண்டாம் வாக்கியம் இல்லாத 'போகாதே' பாதுகாப்பு யோசனை ஆகாது. அது வெறும் அடைப்பு.

மேஃபீல்ட் வேறு மாதிரி. அங்கே தொழிலாளர்கள் சொல்வது மணிக்கணக்கான காலத்தைப் பற்றி. முதல் சைரனுக்கும் காற்றுக்கும் இடையே மூன்று மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. அந்த நேரத்தில் ஷிப்டை நிறுத்தி, ஆட்களை அனுப்பியிருக்க முடியும். அந்த நேரத்தில் நிறுவனத்துக்குத் தெரியாமலிருந்தது காற்றின் பாதை மட்டும்தான். அபாயம் தெரிந்தே இருந்தது. தெரியாத பாதைக்காக லைனை நிறுத்துவதா என்று கணக்குப் போடுகிறவர் ஒருவர், அந்தக் கணக்கு தப்பினால் செத்துப்போகிறவர் வேறொருவர் என்பதுதான் இங்கே உள்ள உறவு.

அதற்கு நிறுவனம் சொன்ன பதிலைக் கவனியுங்கள்: யாரும் எப்போதும் போகலாம். இது பொய்யா மெய்யா என்பது நீதிமன்றத்தின் வேலை. விமர்சகனின் வேலை, இந்த வாக்கியம் எப்போது பேசப்படுகிறது என்று பார்ப்பது. ஈ.பி. தாம்ப்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஆலை முதலாளித்துவம் தொழிலாளியின் நேரத்தைத் தன் சொத்தாக எப்படி மாற்றிக்கொண்டது என்று காட்டியது. மணியடித்தால் உள்ளே, மணியடித்தால் வெளியே. ஒரு நிமிடம் தாமதித்தால் கூலி வெட்டு. கழிப்பறைக்குப் போகிற நேரத்துக்கும் கணக்கு. இப்படி விநாடி விநாடியாக ஒரு மனுஷனின் நேரத்தை வைத்திருக்கிறவர்கள், கூரை பறந்த பிற்பாடு மட்டும் அந்த நேரத்தை அவனிடமே திருப்பிக் கொடுக்கிறார்கள்: 'அவன் போயிருக்கலாமே, நாங்களா தடுத்தோம்?' செத்த பிறகு கிடைக்கிற சுதந்திரம் இது.

மேஃபீல்டில் இன்னொன்றும் இருந்தது. அந்த இரவு ஷிப்டில் கவுண்டிச் சிறையிலிருந்து வேலைக்கு அனுப்பப்பட்ட ஏழு கைதிகளும் இருந்தார்கள். அவர்களைக் காவல் காத்துவந்த துணைச் சிறைக்காவலரும் அன்று இறந்தார். ஃபூக்கோ 1975இல் தொழிற்சாலையும் சிறையும் ஒன்றையொன்று ஒத்திருப்பதைப் பற்றி எழுதியபோது அதை உருவகம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். இங்கே உருவகம் எதுவும் இல்லை. ஒரே கூடம், ஒரே மெழுகு, ஒரே சைரன். கைதி போக முடியாது, அது சட்டம். 'சுதந்திரத் தொழிலாளி' போகலாம், அதுவும் சட்டம். ஆனால் மூன்று மணி நேரமும் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நின்றார்கள்.

4

'முன்கூட்டி அறிய முடியாது' என்பதுதான் கடவுள் செயல் வாதத்தின் முதுகெலும்பு. இந்த அறியாமைக்கு ஒரு வரலாறு உண்டு. அது கற்க வேண்டிய வரலாறு.

1880களில் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவுதான் வானிலை முன்னறிவிப்புச் செய்துகொண்டிருந்தது. ஜான் ஃபின்லி என்ற அதிகாரி டொர்னாடோக்களைத் தொகுத்து ஆராய்ந்து, எப்போது வரக்கூடும் என்று சொல்லிப் பார்த்தார். கொஞ்ச காலத்திலேயே முன்னறிவிப்புகளில் 'டொர்னாடோ' என்ற சொல்லே பயன்படுத்தக் கூடாது என்று தடை வந்தது. ஜனங்கள் பீதியடைவார்கள் என்பது வெளியே சொன்ன காரணம். ஊர் பெயர் கெடும், வியாபாரம் படுக்கும் என்ற கவலையும் அதோடு சேர்ந்திருந்தது. பிறகு வந்த வானிலைத் துறையும் அந்தச் சொல்லைத் தவிர்ப்பதையே வழக்கமாக்கியது. 1950இல்தான் அந்தத் துறையின் தலைவர், டொர்னாடோ முன்னறிவிப்புக்குத் தடை ஏதும் இல்லை என்று சுற்றறிக்கை விட்டார். ஒரு சொல்லை இவ்வளவு காலம் ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தப் பொருளை யாராலும் அறிய முடியாது என்று சொல்வது எப்படிப்பட்ட அறியாமை? இது உற்பத்தி செய்யப்பட்ட அறியாமை. மெழுகுவர்த்தி மாதிரியே அதற்கும் ஒரு தொழிற்கூடம் உண்டு.

வெற்றி பெற்ற முதல் டொர்னாடோ முன்னறிவிப்பு 1948 மார்ச் 25இல் ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் வந்தது. ஐந்து நாள் முன்னால் அதே தளத்தில் ஒரு டொர்னாடோ விமானங்களை நொறுக்கிவிட்டுப் போயிருந்தது. நஷ்டம் ஒரு கோடி டாலருக்கும் மேல். உடனே தளபதிக்கு முன்னறிவிப்பு தேவைப்பட்டது. ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு அதிகாரிகள் கணித்துச் சொன்னார்கள், விமானங்களைக் கொட்டகைக்குள் கொண்டுபோனார்கள், சாயந்திரம் காற்று வந்தது. 'முடியாது' என்று இருந்தது ஐந்தே நாளில் 'முடியும்' ஆகிவிட்டது. அதற்கு முன்னால் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் செத்திருந்தார்கள். 1925இல் மூன்று மாநிலங்களைக் கடந்த ஒரே டொர்னாடோவில் 695 பேர். அவர்களுக்காக மாறாத அறிவியல், விமானங்களுக்காக மாறியது. அறிவியல் பொய் என்று நான் சொல்லவில்லை. அதை யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது பேசுகிறது என்கிறேன்.

கட்டடத்திலும் இதே கதைதான். தரையில் படுக்கவைத்து வார்த்து, பிறகு தூக்கி நிறுத்துகிற கான்கிரீட் சுவர்களால் ஆனவை இந்த மாதிரிப் பெருங்கூடங்கள். மலிவு, வேகம். அந்தச் சுவர்களை நிற்கவைப்பதில் கூரைக்குப் பெரும் பங்கு உண்டு. கூரையைக் காற்று கிளப்பிவிட்டால் சுவர் சீட்டுக்கட்டு மாதிரி சாயும். 2011 மே மாதம் மிசௌரியின் ஜாப்ளின் நகரில் டொர்னாடோ அடித்தபோது ஒரு பெருங்கடையின் இத்தகைய சுவர்கள் விழுந்து உள்ளே இருந்தவர்கள் இறந்தார்கள். பொறியாளர்கள் அப்போதே பேசினார்கள். எட்வர்ட்ஸ்வில் அதற்குப் பத்து வருஷம் கழித்து. 'முன்கூட்டி அறிய முடியாதது' எது, சொல்லுங்கள்?

5

சட்டம் என்ன செய்தது? 1970ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தில் பொதுக் கடமை என்று ஒரு பிரிவு உண்டு. உயிருக்கோ உடலுக்கோ பெரும் ஊறு விளைவிக்கக்கூடிய, அறியப்பட்ட அபாயங்கள் இல்லாத வேலையிடத்தை முதலாளி தர வேண்டும் என்கிறது. நல்ல வாக்கியம். ஆனால் 2021இல் டொர்னாடோவைத் தாங்கும் அறை ஒன்று கிடங்குகளில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று தேசிய அளவில் எந்த விதியும் இல்லை.

அதனால் 2022 ஏப்ரலில் ஓஷா எனப்படும் மத்தியத் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் தன் விசாரணையை முடித்தபோது, அமேசானுக்கு அபராதம் இல்லை. குறைந்தபட்ச விதிகளை மீறவில்லை என்று முடிவு. ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் போனது. அந்தக் கடிதத்தை இலக்கியப் பிரதி மாதிரி வாசிக்கலாம். ஆட்களைக் கூப்பிட வைத்திருந்த மெகாபோன் பூட்டிய கூண்டுக்குள் இருந்தது, எடுக்க முடியவில்லை. டொர்னாடோ ஒத்திகையில் கலந்துகொண்டதாகச் சிலருக்கு நினைவே இல்லை. கட்டடத்தின் வடபகுதியில் இருந்த ஒதுங்குமிடத்துக்குப் போகாமல் சிலர் தென்பக்கக் கழிப்பறைக்குப் போயிருந்தார்கள். அவசரகாலத் திட்டம் அந்த ஊருக்கென்று எழுதப்பட்டதல்ல. கடலே இல்லாத அந்த நிலத்துக்குக் கடற்புயல் பற்றிய பகுதிகளும் அதில் இருந்தன. (சூறாவளி என்ற ஒரே சொல்லால் நாம் செய்கிற குழப்பத்தை அங்கே ஒரு உலகளாவிய கம்பெனியின் கோப்பு செய்திருக்கிறது.) எங்கோ எழுதப்பட்டு எல்லாக் கிடங்குகளுக்கும் நகலெடுத்து அனுப்பப்பட்ட பாதுகாப்பு. அதைப் படிக்க வேண்டிய ஓட்டுநரோ காண்ட்ராக்டரின் ஆள். பயிற்சி கொடுக்க வேண்டியது யார் என்பதே தெளிவில்லை. வேலை வாங்கும்போது ஒரே உடம்பு. பொறுப்பு என்று வரும்போது இரண்டு கம்பெனி.

கென்டக்கியில் மாநில நிர்வாகம் ஏழு மீறல்களைப் பதிவுசெய்தது. அபராதம் மொத்தம் 40,000 டாலர். ஒன்பது உயிர். வகுத்துப் பார்க்கிற வேலையை வாசகருக்கே விட்டுவிடுகிறேன்.

இதற்கு மேல் இன்னொரு கதவும் சாத்தியிருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒரு பேரம். வேலையில் அடிபட்டால் யார் தவறு என்று கேட்காமல் இழப்பீடு உண்டு. பதிலுக்கு, பொதுவாகச் சொந்த முதலாளிமேல் கவனக்குறைவு வழக்குப் போட முடியாது. பசித்த குடும்பத்துக்கு உடனே காசு கிடைக்கிறது, உண்மைதான். கூடவே 'யார் தவறு' என்ற கேள்வியும் விலைக்கு வாங்கப்பட்டுவிடுகிறது.

சரி, ஆபத்து என்றால் தொழிலாளி மறுக்கலாமே? மறுக்கலாம். ஓஹையோவின் ஒரு வேர்ல்பூல் ஆலையில் உயரத்தில் கட்டிய வலைமேல் நடக்க இரண்டு தொழிலாளர்கள் மறுத்தார்கள். அதே வலையிலிருந்து விழுந்து சக தொழிலாளி ஒருவர் செத்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. மிச்ச ஷிப்டுக்குக் கூலி இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், கண்டனக் கடிதமும் கிடைத்தது. இது 1974இல். அந்த மறுப்புக்காக அவர்களைத் தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1980இல். ஆறு வருஷம். மூன்று மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவளுக்கு ஆறு வருஷம் கழித்து வரும் நியாயம் எதற்கு? அவள் கையில் அப்போது இருப்பது வாடகைத் தேதியும், 'போய்க்கோ, ஆனா நாளைக்கு வராதே' என்ற வாக்கியமும்தான்.

6

'எவ்வளவு செய்தாலும் அந்தக் காற்றை யாரால் தாங்க முடியும்?' இது நியாயமான கேள்விதான். பதில் இல்லினாயிலேயே, எட்வர்ட்ஸ்வில்லுக்குப் பதினேழு வருஷம் முன்பே இருக்கிறது.

2004 ஜூலை 13. ரோனோக் என்ற ஊருக்கு அருகே பார்சன்ஸ் மேனுஃபாக்சரிங் என்ற இரும்புத் தொழிற்கூடம். பகல் நேரம், உள்ளே சுமார் 140 பேர். வந்தது மேஃபீல்டில் அடித்ததற்கு நிகரான வகை. தொழிற்கூடம் தரைமட்டம். செத்தவர் ஒருவரும் இல்லை. முதலாளி தன் ஆயுளில் முன்பு ஒரு டொர்னாடோவைப் பார்த்திருந்தவர். ஆலையைக் கட்டும்போதே கழிப்பறைகளைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் ஒதுங்குமிடங்களாகவும் கட்டினார். வானத்தைப் பார்க்க ஆள் போட்டிருந்தார். ஒத்திகை நடத்தினார். அன்று சில நிமிடங்களில் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். ஆக, காற்று கட்டடத்தை எடுத்துக்கொண்டுபோனது. ஆட்களை எடுக்க முடியவில்லை. 'போகாதே' என்பதோடு 'இங்கே வா' என்ற இரண்டாம் வாக்கியத்தையும் சிமெண்டில் எழுதி வைத்திருந்தார்கள்.

இதை 'நல்ல முதலாளி' கதையாக்கிக் கைதட்டுவது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. 140 பேரின் உயிர் ஒரு மனிதர் என்றோ ஒரு காற்றைப் பார்த்தார் என்ற தற்செயலில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால், அது உரிமை இல்லை, கருணை. பார்க்காத முதலாளியிடம் வேலை செய்கிறவர்கள் என்ன செய்வார்கள்? அந்தக் கட்டடம் நமக்குத் தருவது ஒரு முன்மாதிரி முதலாளியை அல்ல, ஒரு சாட்சியத்தை. செய்ய முடியும் என்பதற்கான சாட்சியம். செய்ய முடியும் என்று நிரூபணமான பிற்பாடு, செய்யாமல் விட்டது கடவுளின் செயல் ஆகாது.

பொறுப்பை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இப்போது ஓரளவு திட்டமாகப் பதில் சொல்லலாம். காற்றின் பாதைக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் ஒரு மனுஷியின் நேரம் எவர் கையில் இருக்கிறதோ, அந்த நேரத்தில் அவள் தலைக்கு மேல் இருக்கும் கூரைக்கு அவரே பொறுப்பு. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தாலும் பொறுப்பு. 'விரும்பினால் போகலாம்' என்பது உண்மையாக வேண்டுமென்றால், போனால் வேலை போகாது, கூலி வெட்டில்லை என்பது காற்றுக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். அதை எழுதவைக்கத் தனி ஆளால் முடியாது. அந்த இரவில் சூப்பர்வைசர் முன்னால் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டவர்களுக்கு ஒவ்வொருவராகவே பதில் கிடைத்தது. மொத்தமாக எழுந்து நின்று கேட்க ஒரு சங்கம் இருந்திருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கலாம். அமெரிக்கா என்றாலும் எங்கே என்றாலும் இது பழைய பாடம்தான்.

கடைசியாக எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை 'காற்றுக்குப் பலி' என்று எழுதக் கை போகும்போது, கோயில் வாசலில் கேட்கிற கேள்வியைக் கேளுங்கள். கொடுத்தது யார்? எதற்காக நேர்ந்துகொண்டார்? பலி வாங்கியவர் பெயரைப் போட்டுவிட்டுக் கொடுத்தவர் பெயரை விட்டுவிட்டால், பழி காற்றின் மேல் விழும். காற்று வழக்காடாது, அபராதம் கட்டாது, மறு வருஷம் திரும்பவும் வரும்.